ஒரு ஆய்வில் 88, இன்னொன்றில் 2: ஆபாசப் படங்களில் பெண்கள் மீதான வன்முறையை எப்படி எண்ணுகிறார்கள்?

கொட்டான்காரி:
காரைக்குடியில் சமூகப்பணி முதுகலை, கடைசி வருஷம். ஆய்வேட்டுத் தலைப்பை வீட்டில் சொன்னால் சோறு கிடைக்காது, அதனால் இங்கே வந்து கேட்கிறேன். ஆபாசப் படங்களில் பெண்கள் மீது காட்டப்படும் வன்முறை பற்றி வெளிவந்த ஆய்வுகளைப் படிக்கிறேன். ஆய்வுகளைத்தான், படங்களை அல்ல. கிண்டல் செய்ய நினைப்பவர்கள் இந்த வரியை இரண்டு தடவை படிக்கவும்.

சிக்கல் இதுதான். 2010இல் அனா பிரிட்ஜஸ் குழு அமெரிக்காவில் அதிகம் விற்ற, அதிகம் வாடகைக்குப் போன 50 படங்களிலிருந்து 304 காட்சிகளை எடுத்துப் பார்த்தது. 88.2 சதவீதக் காட்சிகளில் அடி, அறை, தொண்டையை அடைப்பது, முடியைப் பிடித்து இழுப்பது போன்ற ஏதோ ஒன்று இருந்தது. 48.7 சதவீதத்தில் வசை. இவற்றுக்கு ஆளானவர்களில் 94 சதவீதம் பெண்கள்.

அதற்கு ஐந்து வருஷம் முன்னால், 2005இல், ஆலன் மெக்கீ ஆஸ்திரேலியாவில் அதிகம் விற்ற 50 படங்களில் 838 காட்சிகளைப் பார்த்தார். அவர் கணக்கில் வன்முறை இரண்டு சதவீதத்துக்கும் குறைவு.

இரண்டும் மதிப்புள்ள ஆய்விதழ்களில் வந்தவை. என் வழிகாட்டி, "ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு என்று ஒரு வரி எழுதிவிட்டு மேலே போ" என்கிறார். 88க்கும் 2க்கும் நடுவில் ஒரு வரி போதுமா? யாருக்காவது விஷயம் தெரிந்தால் சொல்லுங்கள்.

பட்டாலை (மட்டுறுத்துநர்):
இழை நடக்கட்டும். எந்தப் படத்துக்கும் தளத்துக்கும் சுட்டி போடக்கூடாது. காட்சி வர்ணனை வேண்டாம். தெரிந்த குடும்பம் எதையும் அடையாளம் காட்டும்படி எழுதினால் அந்தப் பதிவை நீக்குவேன்.

புதுவயல்காரன்:
இதற்கெல்லாம் ஆராய்ச்சியா தாயி? நூறு படத்தைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து எண்ணுவதற்குச் சம்பளம் வேறு கொடுப்பார்களா?

சரி, கிண்டல் அவ்வளவுதான். மில்காரனாக ஒன்று சொல்கிறேன். ஒரே மூட்டை அரிசியை இரண்டு பேரிடம் கொடுத்தால் ஒருவன் பத்து சதவீதம் குருணை என்பான், இன்னொருவன் இரண்டு என்பான். இருவரும் பொய் சொல்லவில்லை. ஒருவன் பாதி மணியையும் குருணையில் சேர்க்கிறான், இன்னொருவன் கால் மணியை மட்டும் சேர்க்கிறான். எதை வன்முறை என்று எடுத்துக்கொண்டார்கள் என்று முதலில் பார்.

கொட்டான்காரி:
அண்ணே, சரியான இடத்தில் கை வைத்துவிட்டீர்கள்.

எண்ணுவது எப்படி என்றால், முதலில் ஒரு படிவம் தயாரிக்கிறார்கள். காட்சி எண், என்ன செயல், செய்தவர் ஆணா பெண்ணா, யார் மீது, அதற்கு அந்த ஆளின் முகமும் குரலும் என்ன சொல்லின என்று கட்டம் கட்டமாக இருக்கும். பயிற்சி பெற்ற ஆட்கள் பார்த்து நிரப்புவார்கள். ஒரு பகுதிக் காட்சிகளையாவது இரண்டு பேருக்குத் தனித்தனியாகக் கொடுத்து, இருவர் நிரப்பியதும் எந்த அளவுக்கு ஒத்துப்போகிறது என்று கணக்குப் போடுவார்கள். ஒத்துப்போகாவிட்டால் அந்தக் கட்டமே செல்லாது.

பிரிட்ஜஸ் குழு செயலைப் பார்த்தது. அறைந்தால் அறை. வாங்கியவர் சிரித்தாரா அழுதாரா என்பதைத் தனிக் கட்டத்தில் எழுதிக்கொண்டது.

மெக்கீ அப்படிச் செய்யவில்லை. அடி வாங்குபவர் அதைத் தவிர்க்கப் பார்க்கிறார் என்று தெரிந்தால்தான் அவருக்கு அது வன்முறை. முகம் சுளிக்காமல் வாங்கிக்கொண்டால் அது இருவரும் விரும்பிச் செய்தது, எண்ணிக்கையில் வராது.

பிரிட்ஜஸின் அந்தத் தனிக் கட்டத்தில் என்ன இருந்தது தெரியுமா? இவற்றுக்கு ஆளானவர்களில் 95 சதவீதம் பேர் மகிழ்ச்சி காட்டினார்கள், அல்லது ஒன்றுமே காட்டவில்லை. அந்த 95ஐக் கழித்துப் பாருங்கள், கிட்டத்தட்ட மெக்கீயின் பக்கத்தில் வந்து நிற்போம்.

தேவகோட்டை ரஸ்தா:
சென்னையில் தரவு வேலை பார்ப்பவன். இதில் இன்னொன்றும் இருக்கிறது. மாதிரியே வேறு. ஆஸ்திரேலியாவில் சட்டப்படி விற்கும் எக்ஸ் வகைப் படத்தில் வன்முறையும் கட்டாயப்படுத்துதலும் இருக்கவே கூடாது, நடிப்புக்காகக்கூட. இருந்தால் சான்றிதழ் கிடையாது. தணிக்கை வடிகட்டி அனுப்பிய படங்களில் போய்த் தேடினால் குறைவாகத்தான் கிடைக்கும். அமெரிக்காவில் அந்த வடிகட்டி இல்லை.

ஆனால் நீங்கள் மெக்கீயைக் கெட்டவராக்கப் பார்ப்பதில் எனக்கு உடன்பாடில்லை. இரண்டு பெரியவர்கள் பேசி வைத்துக்கொண்டு செய்வதை, பார்க்கிற மூன்றாம் ஆள் எப்படி வன்முறை என்று முத்திரை குத்தலாம்? 80களின் அமெரிக்காவில் இப்படித்தான் ஆரம்பித்தார்கள். பெண்ணியவாதிகளான ஆண்ட்ரியா டுவொர்க்கினும் கேத்தரின் மெக்கினனும் ஆபாசப் படமே பெண்ணுரிமை மீறல் என்று ஊர்ச் சட்டம் எழுதிக் கொடுத்தார்கள். மினியாபொலிஸில் மேயர் ரத்து செய்தார். இண்டியானாபொலிஸில் சட்டமே ஆனது, 1985இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அடித்துப் போட்டது. ஊர் ஒழுக்கத்தை அறிவியல் என்று சொல்லி விற்காதீர்கள்.

செக்காலை வக்கீல்:
தம்பி, அந்த வழக்கைச் சொன்னீர்கள், தீர்ப்புக்குள் இருப்பதைச் சொல்லவில்லை. இப்படிப்பட்ட படங்கள் பெண்களின் தாழ்ந்த நிலையை நிலைநிறுத்த உதவுகின்றன என்ற வாதத்தை நீதிபதி ஈஸ்டர்புரூக் ஏற்றுக்கொண்டே எழுதினார். அந்த அளவுக்குப் பேச்சுக்கு வலிமை இருக்கிறது என்பதற்காகவே பேச்சுரிமை அதைக் காக்கும் என்றார். சட்டம் விழுந்தது பேச்சுரிமையால். பாதிப்பே இல்லை என்று அவர் சொல்லவில்லை.

சம்மதம் பற்றி. திரையில் சிரித்தால் சம்மதம் என்று எந்த கோர்ட்டும் எடுத்துக்கொள்ளாது. நம் குற்றச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 28ஆம் பிரிவே பயத்தில் கொடுத்த சம்மதம் சம்மதமில்லை என்கிறது. சான் டியேகோவில் 22 பெண்கள் ஒரு ஆபாசத் தளம் மீது வழக்குப் போட்டார்கள். மாடலிங் வேலை என்று விளம்பரம் செய்து வரவழைத்து, படம் இணையத்தில் வரவே வராது என்று சொல்லி நடிக்க வைத்தது அந்த நிறுவனம். 2020 ஜனவரியில் அவர்கள் ஜெயித்தார்கள், ஒரு கோடியே இருபது லட்சம் டாலருக்கு மேல் இழப்பீடு. அந்தப் படங்களில் அவர்கள் சிரிக்கவில்லையா? சிரிக்கச் சொன்னார்கள், சிரித்தார்கள்.

லிண்டா போர்மன் கதை இன்னும் பழசு. 1972இல் வந்த, உலகம் முழுக்கப் பேசப்பட்ட படத்தில் நடித்தவர். கணவன் அடித்தும் துப்பாக்கியைக் காட்டியும் நடிக்க வைத்தான் என்று 1980இல் வெளியே சொன்னார். 1986இல், ஆபாசம் பற்றி ஆராய அமெரிக்க அரசு அமைத்த மீஸ் கமிஷன் முன்னாலும் சாட்சி சொன்னார். மெக்கீயின் படிவத்தை அந்தப் படத்துக்கு நிரப்பினால் என்ன எழுதுவீர்கள்? தவிர்க்க முயலவில்லை. வன்முறை இல்லை.

தேவகோட்டை ரஸ்தா:
அக்கா, அது உண்மையான குற்றம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கேள்வி மாறிவிட்டது. படம் எடுத்த இடத்தில் என்ன நடந்தது என்பது வேறு, பார்ப்பவன் என்ன பார்க்கிறான் என்பது வேறு.

பார்ப்பவன் பக்கம் தரவு இருக்கிறது. 2019இல் எரன் ஷோரும் சீடாவும் 269 காணொளிகளை எடுத்துப் பார்த்தார்கள். வருஷத்துக்கு வருஷம் வன்முறை கூடிக்கொண்டே போகிறது என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. வன்முறை உள்ளவற்றைப் பார்த்தவர்களும் குறைவு, விருப்பக்குறி போட்டவர்களும் குறைவு.

இன்னொன்று. டென்மார்க் 1969இலேயே படங்களை அனுமதித்தது. குச்சின்ஸ்கி என்ற குற்றவியலாளர் டென்மார்க், சுவீடன், மேற்கு ஜெர்மனி, அமெரிக்கா நான்கையும் 1964 முதல் 1984 வரை பார்த்தார். மற்ற வன்முறைக் குற்றங்களை விடப் பாலியல் வன்கொடுமை அதிகமாக ஏறவில்லை. படம் பார்த்தால் கெட்டுப்போவான் என்றால் அந்த ஊர்கள் என்ன ஆகியிருக்க வேண்டும்?

கொட்டான்காரி:
ஷோர் ஆய்வைப் படித்தேன். அதில் நீங்கள் சொல்லாமல் விட்ட பகுதிதான் எனக்கு முக்கியம். பெண் இன்பம் காட்டும் காணொளிகளைத்தான் மக்கள் விரும்பினார்கள். நல்ல செய்திதானே என்று தோன்றும். கொஞ்சம் நிதானமாகப் பார்த்தால் அடியும் அந்த இன்பமும் ஒரே காட்சியில் சேர்ந்து வருவதுதான் விஷயமே.

புதிய எண்ணிக்கைகளையும் சொல்லிவிடுகிறேன். 2015இல் கிளாசனும் பீட்டரும் இணையத்தில் 400 காணொளிகளைப் பார்த்தார்கள். சுமார் 37 சதவீதத்தில் பெண் மீது வன்முறை, ஆண் மீது 3 சதவீதத்துக்கும் கீழே. அப்பட்டமாகக் கட்டாயப்படுத்தும் காட்சிகள் மிகக் குறைவு. 2020இல் நிக்கி ஃபிரிட்ஸ் குழு 4,009 காட்சிகள். ஒரு தளத்தில் 45 சதவீதம், இன்னொன்றில் 35. ஆளானவர்கள் 97 சதவீதம் பெண்கள். எதிர்ப்பு அபூர்வம். 2021இல் பிரிட்டனில் ஃபியோனா வேரா கிரே குழு படத்தையே பார்க்கவில்லை. முதல் தடவை தளத்துக்குள் வருபவனுக்கு முகப்பில் காட்டப்படும் தலைப்புகளை மட்டும் திரட்டினார்கள், ஒரு லட்சத்துக்கும் மேல். எட்டில் ஒன்று பாலியல் வன்முறையை விவரித்தது. மறைந்திருந்து எடுத்தது, குடும்பத்துக்குள் நடப்பது, கட்டாயப்படுத்துவது என்று. தேடிப் போனவனுக்குக் கிடைத்ததல்ல அது, வாசலில் வைத்திருப்பது.

ஆக 88, 45, 37, 35, 2. இவற்றில் எது சரி என்று நான் இனிக் கேட்கப் போவதில்லை. அளவுகோலைப் பொறுத்து எண் மாறுகிறது. ஆனால் செயலை எண்ணிய ஆய்வுகளில் மாறாதது இரண்டு. வாங்குபவர் பெரும்பாலும் பெண். அவர் முகத்தில் வலி தெரிவது அபூர்வம்.

பள்ளத்தூர் ஆச்சி:
நான் ஓய்வு பெற்ற நர்ஸ். பிரசவ வார்டு, பெண்கள் வார்டு என்று வேலைக்காலம் முழுக்க அங்கேயே போனது. பேத்தி இந்தக் குழுவில் சேர்த்துவிட்டாள், சமையல் குறிப்புக்காக வந்தேன், இங்கே மாட்டிக்கொண்டேன்.

புத்தகக் கணக்கு எனக்குத் தெரியாது. நான் பார்த்ததைச் சொல்கிறேன். மட்டுறுத்துநர் தம்பி பயப்பட வேண்டாம், ஊர் பெயர் சொல்ல மாட்டேன்.

கல்யாணமாகிச் சில மாதமான பெண். குரல் கம்மிப் போச்சு, சளி மருந்து வேணும் என்று வந்தாள். சித்திரை வெயிலில் கழுத்தைச் சுற்றித் துப்பட்டா. சளியும் இல்லை, காய்ச்சலும் இல்லை. வெளிச்சத்துப் பக்கம் திருப்பிக் கண்ணைப் பார்த்தேன். வெள்ளை விழியில் குண்டூசி முனை அளவுக்குச் சிவப்புப் புள்ளிகள். காதுக்குப் பின்னாலும் அப்படியே. யார் கழுத்தைப் பிடித்தது என்று கேட்டேன். தலை குனிந்துகொண்டாள். அப்புறம் சொன்னாள்: "அவங்க கோபத்துல பண்ணல ஆச்சி. அன்னிக்கு நல்லாத்தான் பேசிக்கிட்டு இருந்தாங்க."

அந்தப் பையனும் வெளியே பெஞ்சில் பிளாஸ்க்கை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். குடிகாரன் இல்லை. முரடனும் இல்லை. கூப்பிட்டுக் கேட்டேன். முகம் வெளுத்துப் போய், "எல்லாரும் செய்யறதுதானே, அவளும் ஒண்ணும் சொல்லலயே" என்றான்.

அவளும் ஒண்ணும் சொல்லலயே. எழுதிக்கொள் ஆத்தா.

இதைப் படிக்கும் பிள்ளைகளுக்கு வைத்திய விஷயமும் சொல்லிவிடுகிறேன், வெட்கப்பட்டுக்கொண்டிருந்தால் உயிர் போகும். கழுத்தில் மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்கள் மேலாகவே ஓடுகின்றன. அவற்றை அடைக்க மூச்சுக்குழலை அடைக்கும் அளவு பலம் தேவையில்லை. இரண்டு பக்கமும் அடைத்தால் பத்து நொடியில் நினைவு போகும். நினைவு போனவள் எப்படி "போதும்" என்று சொல்வாள்? வெளியே ஒரு தடமும் இல்லாமல் உள்ளே குழாயின் சுவர் கிழிந்து, நாள் கழித்துப் பக்கவாதம் வந்ததும் உண்டு. பக்குவமாகப் பிடித்தால் ஆபத்தில்லை என்று எவனாவது சொன்னால் நம்பாதீர்கள். அப்படி ஒரு அளவே கிடையாது. குரல் மாறினால், விழுங்க வலித்தால், கண்ணில் புள்ளி இருந்தால், தலை சுற்றினால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். டாக்டரிடம் உள்ளதைச் சொல்ல வேண்டும்.

புதுவயல்காரன்:
ஆச்சி, காலையில் எழுதிய கிண்டலை எடுத்துவிடலாமா என்று இருக்கிறது. இருக்கட்டும்.

எனக்கு ஒரு சந்தேகம். அந்தப் பையன் படம் பார்த்துத்தான் கற்றுக்கொண்டான் என்று எப்படித் தெரியும்? கூட்டாளிகள் சொல்லியிருக்கலாம்.

பள்ளத்தூர் ஆச்சி:
கேட்டேன். போனில் பார்த்ததாகச் சொன்னான். கூட்டாளிக்கு மட்டும் யார் சொல்லிக் கொடுத்தார்களாம்? அவன் அப்பச்சியா?

கொட்டான்காரி:
ஆச்சி சொன்னதற்கு அமெரிக்கத் தரவே இருக்கிறது. டெபி ஹெர்பெனிக் குழு ஒரு பெரிய பல்கலைக்கழகத்தில் கிட்டத்தட்ட ஐயாயிரம் மாணவர்களிடம் கேட்டது. கடைசி உறவின்போது கழுத்து நெரிக்கப்பட்டதாகப் பெண்களில் நால்வரில் ஒருவர் சொன்னார். ஆண்களில் நூற்றுக்கு ஆறேழு பேர். நம் ஊரில் யாரும் கேட்டதாக நான் படித்ததில்லை, அதனால்தான் இந்தத் தலைப்பையே எடுத்தேன்.

புதுவயல் அண்ணன் கேட்டதுதான் இந்தத் துறையின் பெரிய சண்டை. பார்ப்பதால் மாறுகிறானா, மாறத் தயாராக இருப்பவன் பார்க்கிறானா? நான் படித்ததிலேயே தூக்கத்தைக் கெடுத்த ஆய்வு 1981இல் அமெரிக்காவின் விஸ்கான்சினில் டானர்ஸ்டைனும் பெர்கோவிட்ஸும் செய்தது. மாணவர்களுக்கு ஒரு படம் காட்டினார்கள். ஒரே கதை, பெண் மீது வன்முறை, முடிவு மட்டும் இரண்டு. ஒன்றில் அவள் கடைசியில் ரசிப்பதுபோல் முடியும். இன்னொன்றில் வேதனையோடு முடியும். பிறகு ஒரு பெண்ணுக்கு மின்அதிர்ச்சி கொடுக்கும் வாய்ப்புத் தந்தார்கள். உண்மையில் மின்சாரம் போகாது, மாணவனுக்கு அது தெரியாது. முன்கூட்டியே கோபமூட்டப்பட்ட மாணவர்கள் எந்த முடிவைப் பார்த்தாலும் அதிகமாகவே கொடுத்தார்கள். கோபமூட்டப்படாமல் அமைதியாக இருந்தவர்களில் ரசிக்கும் முடிவைப் பார்த்தவர்கள்தான் அதிகமாகக் கொடுத்தார்கள். வேதனை முடிவு அவர்களிடம் அந்த மாற்றத்தை உண்டாக்கவில்லை.

இப்போது மெக்கீயின் படிவத்துக்கு வாருங்கள். எந்தக் காட்சி பார்ப்பவனை அதிகம் மாற்றுகிறது என்று இந்தச் சோதனை சொல்கிறதோ, அதையே அவர் படிவம் வன்முறை இல்லை என்று கழிக்கிறது. ஆச்சி பார்த்த பையனுக்குக் கோபமில்லை. அவள் ரசிப்பாள் என்று நினைத்திருக்கிறான்.

தேவகோட்டை ரஸ்தா:
நல்ல வாதம். ஆனால் பொத்தானை அமுக்குவது வாழ்க்கை இல்லை. 1994இல் ஃபிஷரும் கிரெனியரும் இதேபோல் சோதனை வைத்து, "அதிர்ச்சி கொடுக்க வேண்டாம், அந்தப் பெண்ணோடு பேசலாம், அல்லது அப்படியே கிளம்பலாம்" என்று வேறு வழியும் வைத்தார்கள். கிட்டத்தட்ட எல்லோரும் அந்த வழியில் போய்விட்டார்கள். அமுக்குவதற்கு மட்டும் பொத்தான் வைத்தால் அமுக்கத்தான் செய்வான்.

தொகுப்பாய்வுகளும் ஒத்துப்போகவில்லை. 2016இல் பால் ரைட் குழு ஏழு நாடுகளின் 22 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, படம் பார்ப்பதற்கும் பாலியல் வன்முறைக்கும் தொடர்பு இருக்கிறது என்றது. கிறிஸ்டோபர் ஃபெர்குசனும் ஹார்ட்லியும் சேர்த்துப் பார்த்து, ஆதாரம் வலுவாக இல்லை என்றார்கள். நீல் மாலமுத் சொல்வது எனக்கு நியாயமாகப் படுகிறது. பெண்கள் மேல் ஏற்கெனவே பகையும் வெறுப்பும் உள்ளவனிடம்தான் இது எண்ணெய் ஊற்றுகிறது, எல்லோரிடமும் இல்லை.

கொட்டான்காரி:
மாலமுத்தின் ஆய்வுகளை நானும் எடுத்து வைத்திருக்கிறேன். ஆனால் அந்த ஆய்வுகள் அளப்பது பலாத்காரம், வற்புறுத்தல் இவற்றை. பகையே இல்லாமல், இது வழக்கம் என்று நினைத்துச் செய்பவனை அந்தப் படிவம் எந்தக் கட்டத்தில் போடும்?

குச்சின்ஸ்கி கணக்கும் போலீஸுக்கு வந்த புகார். நம் ஊரில் கணவன் செய்தால் புகாரே கிடையாதே. வக்கீல் அக்கா சொல்லட்டும்.

செக்காலை வக்கீல்:
பாரதிய நியாய சன்ஹிதாவின் 63ஆம் பிரிவு, இரண்டாம் விதிவிலக்கு. மனைவி பதினெட்டு வயதுக்கு மேற்பட்டவள் என்றால் கணவன் கட்டாயப்படுத்தியது பாலியல் வன்கொடுமை ஆகாது. பழைய சட்டத்திலிருந்து 2024 ஜூலையில் புதுச் சட்டத்துக்கும் குடிவந்திருக்கிறது. ஆகவே குற்றப் புள்ளிவிவரத்தில் அந்தப் பெண் வர மாட்டாள். ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் வருகிறாள். தமிழ்நாட்டில் திருமணமான பெண்களில் 38 சதவீதம் பேர் கணவனின் வன்முறைக்கு ஆளானதாகச் சொன்னார்கள்.

ஆனால் வழியே இல்லை என்று யாரும் நினைக்க வேண்டாம். 2005 குடும்ப வன்முறைச் சட்டத்தின் 3ஆம் பிரிவு பாலியல் துன்புறுத்தலைப் பெயர் சொல்லியே சேர்க்கிறது. மாவட்டப் பாதுகாப்பு அலுவலரிடம் மனு கொடுக்கலாம், சிவகங்கை போக முடியாவிட்டால் 181க்குப் போன் போடலாம். கழுத்தை நெரித்ததற்குக் காயம் விளைவித்த பிரிவுகள் தனியாக உண்டு, கணவனுக்கு அதில் சலுகை இல்லை.

தேவகோட்டை ரஸ்தா:
தடை கேட்டுக் கிளம்பிவிடாதீர்கள் என்பதுதான் என் கவலை. 2015 ஆகஸ்டில் 857 தளங்களை மூடச் சொன்னார்கள், சில நாளிலேயே பின்வாங்கினார்கள். 2018இல் உத்தரகாண்ட் உயர் நீதிமன்றம் சொல்லி 827 தளங்கள். சீக்கிரமே மாற்று முகவரி வந்துவிட்டது.

செக்காலை வக்கீல்:
இங்கே யாரும் தடை கேட்கவில்லையே தம்பி. பெரியவர் ஒருவர் தனியாகப் பார்ப்பது இங்கே குற்றமில்லை. வெளியிடுவதும் அனுப்புவதும்தான் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 67, 67ஏ. குழந்தைகள் சம்பந்தப்பட்டது முற்றிலும் வேறு. சென்னை உயர் நீதிமன்றத்தில், அதைத் தனியாகப் பார்த்ததும் வைத்திருந்ததும் குற்றமில்லை என்று 2024 ஜனவரியில் ஒரு தீர்ப்பு வந்தது. செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அதைத் தூக்கி எறிந்தது. வாட்ஸ்அப் குரூப்பில் வந்தது என்று சொல்லித் தப்பிக்க முடியாது, பார்த்தால் உடனே அழித்துவிட்டுப் புகார் கொடுங்கள். அதற்கான அரசுத் தளம் cybercrime.gov.in.

ஆத்தங்குடி அம்மா:
இத்தனை நாள் படிக்க மட்டும்தான் வருவேன். பையன் பதினொன்றாவது. படிப்புக்கென்று போன் வாங்கிக் கொடுத்தோம். அவனிடம் இதைப் பற்றி எப்படிப் பேசுவது? அவன் அப்பா மலேசியாவில்.

பள்ளத்தூர் ஆச்சி:
நேராகப் பேசும்மா. பார்த்தாயா என்று கேட்காதே, இல்லை என்பான், பேச்சு அங்கேயே முடிந்துவிடும். "உன் வயசுப் பிள்ளைகள் போனில் இதெல்லாம் வருகிறதாம், அதில் அடிப்பதும் நெரிப்பதும் நடிப்பு, அந்தப் பெண்ணுக்குக் காசு கொடுத்துச் சிரிக்கச் சொல்கிறார்கள்" என்று நீயே சொல்லிவிடு. கழுத்து விஷயத்தைக் கட்டாயம் சொல். முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாவிட்டால் வண்டியில் பின்னால் உட்கார்ந்து போகும்போது சொல். அப்பாவை வீடியோ காலில் வைத்துச் சொல்ல வைக்கலாம் என்று மட்டும் நினைக்காதே, இரண்டு பேரும் நெட் இல்லை என்று சொல்லித் தப்பித்துவிடுவார்கள்.

கொட்டான்காரி:
அக்கா, சீக்கிரமே பேசுங்கள். இங்கிலாந்தில் குழந்தைகள் ஆணையர் 2023இல் வெளியிட்ட அறிக்கையில் முதல் தடவை பார்க்கும் சராசரி வயது 13. பதினெட்டுக்குள் வன்முறை உள்ளதைப் பார்த்தவர்கள் 79 சதவீதம்.

என் ஆய்வுக்கு ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். படங்களை எண்ணப் போவதில்லை. அதை எண்ணியவர்கள் போதும், என் வழிகாட்டிக்கும் ரத்தக்கொதிப்பு. இந்தப் பக்கத்து நர்ஸ்களையும் குடும்பநல ஆலோசகர்களையும் பேட்டி காணப் போகிறேன். படிவத்தில் செயலுக்கு ஒரு கட்டம், கோபத்தில் நடந்ததா என்று ஒரு கட்டம், வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு இடம் இருந்ததா என்று ஒரு கட்டம். மூன்றையும் கலக்க மாட்டேன்.

தேவகோட்டை ரஸ்தா:
நான்காவதாக ஒன்று சேருங்கள். எங்கே கற்றுக்கொண்டான் என்று. "படம்" என்று நீங்களே எடுத்துக் கொடுக்காமல், அவர்கள் வாயிலிருந்து வரட்டும். இல்லையென்றால் விடையை நீங்களே ஊட்டிவிட்டீர்கள் என்று நானே வைவாவுக்கு வந்து கேட்பேன். அட்டவணை போடுவதற்கு ஆள் வேண்டுமென்றால் சொல்லுங்கள், சனி ஞாயிறு சும்மாதான் இருக்கிறேன்.

பள்ளத்தூர் ஆச்சி:
என்னோடு வேலை பார்த்த மூன்று பேர் பக்கத்து ஊர்களில் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பலகாரத்துக்கு வரச் சொல்லியிருக்கிறேன், நீயும் வா ஆத்தா. நோட்டும் பேனாவும் போதும். போனைப் பதிவில் போட்டால் ஒருத்தியும் வாய் திறக்க மாட்டாள்.

புதுவயல்காரன்:
பலகாரத்துக்கு மாவு நம் மில்லிலிருந்து அனுப்புகிறேன் ஆச்சி. நான் வரவில்லை.